மெல்ல வளரும் வருத்தமும் சித்தாண்டி அக்காவும்

என்னைப் பார்க்க வந்தவர்கள் அப்பிள் பையோடு வரத் தொடங்கியபோதுதான் விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது என்று விளங்கியது. காய்ச்சல், கால் முறிவு என்றால் எங்கள் ஆட்கள் பாணும் வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். அப்பிளும் திராட்சையும் வருகிறதென்றால் ஆளைக் கடைசியாக ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவோம் என்று வருகிறார்கள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு நானே எழும்பிப்போய்க் கதவைத் திறப்பேன். வாசலில் நிற்பவள் திகைத்துப்போவாள். கட்டிலில் கிடப்பேன் என்று முகத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்தவளுக்கு, கழுத்தில் அளவு நாடாவும் வாயில் குண்டூசியுமாக நான் நிற்பது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

சிலபேர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் அவர்களை அளக்க, அவர்கள் என்னை அளந்தார்கள். மெலிந்துவிட்டேனா, கண் உள்ளே போய்விட்டதா, இன்னும் எத்தனை நாள் தாங்குவேன் என்று. எங்கள் ஊர் நாவற்குடாவில் என்னிடம் சட்டை தைக்காத பெண்கள் குறைவு. அவர்களில் ஒருத்தி தைக்கத் தந்திருந்த துணியைத் திருப்பிக் கேட்டாள். உங்களுக்கு ஏன் கரைச்சல் என்றாள். தைத்து முடியுமுன் நான் முடிந்துபோனால் துணி மாட்டிக்கொள்ளும் என்ற பயம் அவளுக்கு. துணியை அவள் மடியில் எறிந்துவிட்டு உள்ளே போனேன்.

எனக்கு வந்த வருத்தம் இரைப்பையில் லிம்போமா. அதிலும் மெல்ல வளர்கிற வகை. பல வருடமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. காஸ்ரிக் என்று எல்லாரையும் போல நானும் கண்ட கண்ட குளிசையைப் போட்டுக்கொண்டு, பசித்தால் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு மெஷினில் குனிந்திருந்தேன். தாங்க முடியாமல்போய் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் காட்டியபோது தொண்டைக்குள்ளால் கமரா விட்டுப் பார்த்தார்கள். சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் எனக்குப் பாதி விசர் பிடித்துவிட்டது.

முடிவைச் சொன்ன டொக்டர் ஒரு பெண், என் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். மறைக்காமல் சொன்னார். இரைப்பைச் சுவரில் ஒரு கிருமி வருடக்கணக்காகக் குடியிருந்திருக்கிறது. அதோடு சண்டை பிடிக்க உடம்பு தன் காவல் அணுக்களை அங்கே அனுப்பியிருக்கிறது. கிருமியும் போகவில்லை, அணுக்களும் போகவில்லை. நின்று நின்று பெருகிக் கடைசியில் அந்த அணுக்களே பிழையாகிவிட்டன. கான்சர் வகைதான். ஆனால் கிருமியைக் கொன்றால் இதற்குத் தீன் நின்றுவிடும், பெரும்பாலான ஆட்களுக்குத் தானாகவே வற்றிப்போகும் என்றார். அதற்கு மாதங்கள் பிடிக்கும், ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம். வற்றாவிட்டால் கதிர்ச் சிகிச்சை இருக்கிறது, எங்கள் ஆட்கள் கரண்ட் பிடிப்பது என்பார்களே, அது. அதுவும் நன்றாகக் கைகொடுக்கும். இந்த வகை வந்தவர்களில் அநேகம் பேர் நெடுநாள் இருந்து, வேறு ஏதாவது காரணத்தில்தான் போவார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"பயந்து ஓடித்திரியிற வருத்தம் இல்ல அம்மா இது. மருந்தக் குடுத்திட்டு நாங்க பாத்துக்கொண்டு இருப்பம்," என்றார். இரண்டு கிழமைக்குக் குளிசை தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

என் மனுசன் பக்கத்தில்தான் இருந்தார். எல்லாவற்றையும் என்னோடு சேர்ந்துதான் கேட்டார். ஆட்டோ கல்லடிப் பாலத்தைத் தாண்டும்வரை வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் வளவுக்குள் போய் மாமரத்தடியில் நின்று சித்தாண்டிக்குப் போன் எடுத்தார். டொக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னீங்களா என்று பிறகு கேட்டேன். சொன்னேனே என்றார். விசாரித்துப் பார்த்ததில் அவர் சொன்னது ஒரேயொரு சொல். கான்சர். மிச்சத்துக்கு அழுதிருக்கிறார்.

சித்தாண்டியில் இருப்பது என் அக்கா. அத்தான் இருந்தாலும் அவர்களுடைய வட்டையில் எந்தத் துண்டில் எப்போது விதைப்பது, எப்போது வெட்டுவது என்று முடிவு சொல்வது அவள்தான். வயலை நடத்துவது போலத்தான் மனிதரையும் நடத்துவாள். மழை வரும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டால் முற்றாத கதிரென்றாலும் வெட்டி ஏற்றிவிட வேண்டும். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை என்று கண்டு எனக்கும் சேர்த்து அழுதாள்.

அவளை இருத்தி, டொக்டர் சொன்னதை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கிருமி, காவல் அணு, தீன், எல்லாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு என்னை விட்டுவிட்டு என் மனுசனைப் பார்த்தாள்.

"கீறவும் இல்ல, கரண்ட் பிடிக்கவும் இல்ல, மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பல்ல. குளிசையக் குடுத்து வீட்ட போகச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு விளங்கல்லயா தம்பி?"

அவருக்கு நன்றாக விளங்கியது. ஊருக்கே விளங்கியது. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்காரருக்கு ஒரு ஆளில் நம்பிக்கை இருந்தால் கீறுவார்கள், கொழும்புப் பக்கம் அனுப்புவார்கள், அலைக்கழிப்பார்கள். ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போய் இரு என்றால் கைவிட்டுவிட்டார்கள். மெல்லத்தான் வளரும் என்பது டொக்டர்மார் ஆளின் மனம் நோகாமல் சொல்கிற வார்த்தை. இந்த விளக்கத்தை உடைக்க நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கத்தக் கத்த, பாவம், ஏற்றுக்கொள்ள முடியாமல் கத்துகிறாள் என்று இன்னும் பரிவாகப் பார்த்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் அன்னமுன்னா இலையை அவித்துக் குடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்கள். குரலிலேயே ஒப்பாரி இருந்தது.

அதையெல்லாம் சகித்திருப்பேன். என் மகளின் கலியாணத்தில் அக்கா கைவைத்ததைத்தான் சகிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தாய் தான் இருக்கிற வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவாள். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் செய்தாள். அதைத் தாய் முன்னின்று தன் கையால் செய்யவேண்டும். தாய் போய்விட்டால் ஒரு வருடத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கிடையாது, அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். இதுதான் அக்காவின் கணக்கு.

எனக்கு ஒரேயொரு மகள். கண்டிப் பக்கம் கம்பசில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தாள். முடிய இன்னும் ஒரு வருடம் கிடந்தது. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒரு பையனை அவளுக்குப் பேசிவைத்திருந்தோம். பட்டம் வாங்கிய பிறகுதான் கலியாணம் என்று நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள். நான் எட்டாம் வகுப்போடு மெஷினில் ஏறியவள். அந்த ஒரு வருடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. என் வருத்தத்துக்கும்கூட.

கலியாணத்தை உடனே முடித்துவிடுவோம் என்று அக்கா பேச்சை எடுத்ததும் பாய்ந்தேன். நான் செத்தால் என் பிள்ளை படிப்பை முடித்துவிட்டு வந்து எனக்கு அழட்டும் என்றேன். அபசகுனமாகப் பேசாதே என்று என் மனுசன் அதட்டினார். அவர் என்னை அதட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டு கிழமை குளிசை குடித்தேன். வாய்க்குள் எந்த நேரமும் பழைய தகரத்தைச் சப்பியது போல ஒரு சுவை. சோறு இறங்கவில்லை, கொஞ்சம் மெலிந்தேன். மெலிந்தது போதும், அப்பிள் இரண்டு மடங்காக வந்தது. பிறகு கிருமி போய்விட்டதா என்று ஒரு சோதனை. அதற்கு முன் எரிச்சல் குளிசையை நிறுத்தவேண்டும் என்றார்கள், நிறுத்தினால் வயிறு அடுப்பாகக் காந்தியது. முடிவு வந்தது. கிருமி இல்லை. ஓடிவந்து வீட்டில் சொன்னேன். அப்ப கான்சர்? என்றார் என் மனுசன். அது இருக்கிறது, மெல்லத்தான் போகும் என்றேன். அவர் முகம் பழையபடி தொங்கிப்போனது.

மாதங்கள் கழித்து மறுபடி கமரா விட்டார்கள். மறுபடி சதைத்துண்டு, மறுபடி காத்திருப்பு. கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் இருக்கிறது, பரவாயில்லை, இன்னும் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டொக்டர். எப்போது போகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். போகுமா என்று கேட்டேன். போகும் என்றுதான் நினைக்கிறேன் என்றார். நல்ல செய்தி என்றால் அது நல்ல செய்தி மாதிரி இருக்க வேண்டாமா? பொல்லாத செய்தி என்றாலாவது ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பேன். இது இரண்டுமில்லை. வீட்டுக்கு வந்து, மருந்து பிடிக்கவில்லையாம் என்று என் மனுசன் போனில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்றின் கையைப் பிழையான பக்கம் வைத்துத் தைத்தேன். அதை அவிழ்க்கும்போது ஊசி குத்தியது. அந்தச் சட்டைக்கு விழுந்த ஏச்சு முழுக்க வேறு ஆட்களுக்கு உரியது.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அடுத்த கிளினிக்குக்கு அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு போவோம், டொக்டர் வாயாலேயே கேட்கட்டும், அதோடு வாயை மூடுவாள் என்று நினைத்தேன். அக்கா நல்ல சாறி உடுத்திக்கொண்டு வந்தாள். அந்த டொக்டர் பிள்ளைக்கு வாசலில் எத்தனை பேர் காத்துக்கொண்டு நின்றார்கள், என்றாலும் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் முழுவதையும் அக்காவுக்குத் திரும்பச் சொன்னார். எவ்வளவு மெல்ல வளரும், எத்தனை பேருக்கு வற்றிப்போகிறது, ஏன் இப்போது கீறத் தேவையில்லை, எல்லாம். எனக்குச் சந்தோஷத்தில் மூக்கு விடைத்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இது சட்டெண்டு வேகமான வருத்தமா மாறாதா டொக்டர்?"

"ஆகக் கொஞ்சப் பேருக்கு மாறலாம். அதுக்காகத்தான் விடாமப் பாத்துக்கொண்டு வாறம்," என்றார் டொக்டர்.

பொய் சொல்லத் தெரியாத டொக்டர். அவ்வளவுதான், முடிந்தது கதை. அவர் சொன்ன அத்தனையிலும் அந்த ஒன்று மட்டும் அக்காவின் காதில் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே வந்தாள். கையை இழுத்தேன், விடவில்லை. அன்றைக்கு எனக்கும் பயம் வந்துவிட்டது என்பதுதான் பெரிய கரைச்சல். மாறலாம் என்று என்னிடமும் முதலில் சொல்லியிருப்பார், நான் கவனிக்காமல் விட்டிருப்பேன். இப்போது அக்காவின் பக்கத்தில் இருந்து கேட்டபோது அந்தச் சொல் எனக்குள்ளும் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் மகளுக்குப் போன் எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு நேரம் மகள் வாசலில் வந்து நின்றாள். லீவுக்கு வந்தால் தோளில் ஒரு பைதான் இருக்கும். அன்றைக்கு ஆட்டோக்காரர் பெட்டி, பாய், வாளி என்று இறக்கிக்கொண்டேயிருந்தார். வாளியைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ஹொஸ்டல் அறையைக் காலி பண்ணிவிட்டு வந்திருக்கிறாள்.

கிறுகி வந்த வழியே போ என்றேன். அடுத்த பஸ்ஸில் போ, ஒரு பாத்திரமும் இறக்க வேண்டாம் என்று வாளியைத் தூக்கி ரோட்டில் வைத்தேன். அக்கம்பக்கத்தார் வேலியால் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. மகள் போய் வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க இல்லாம எனக்குக் கலியாணம் வேணாம்மா. நீங்க இருக்கக்குள்ளயே செய்வம். படிப்ப நான் மறுகா முடிக்கிறன்," என்றாள்.

சண்டை பிடித்தேன். நான் எங்கேயும் போகவில்லை என்று அவளுக்கும் கிருமி, காவல் அணு, தீன் எல்லாம் சொன்னேன். விவசாயம் படிக்கிற பிள்ளை, கிருமி பற்றி என்னைவிட அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், கட்டாயம் மாறாது என்று சொல்லுங்க அம்மா, இப்பவே போறன் என்றாள். அதை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த டொக்டராலேயே சொல்ல முடியவில்லை, நான் எப்படிச் சொல்வது?

கலியாணம் அரக்கப் பரக்க நடந்தது. மகளின் சட்டையை நான்தான் தைத்தேன், வேறு ஒருத்தரையும் தொட விடவில்லை. வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். படம் எடுக்கிறவர்கூட என்னைத் தனியாக இருத்தி இரண்டு படம் எடுத்தார், அது எதற்கென்று எனக்குத் தெரியாதா? வீட்டை எழுதிக் கொடுத்தேன். பின்வளவு அறைக்கு என் மனுசனும் நானும் மெஷினும் போனோம். மருமகன் நல்ல பிள்ளை, குடியில்லை, அதட்டிப் பேசுவதில்லை, என்னை மாமி மாமி என்று தாங்குவார். ஏச ஒரு காரணம் அகப்படவில்லை, அதுவும் ஒரு எரிச்சல். மகள் கம்பசுக்கு ஒரு வருடம் லீவு கேட்டு எழுதிப்போட்டாள். கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. நான் விடிய எழும்பி முற்றம் கூட்டினேன், மெஷின் மிதித்தேன், காத்தான்குடிக்குப் போய்த் துணிக்கடைக்காரரோடு லைனிங் துணியின் நிறத்துக்காக மல்லுக்கட்டினேன். அந்தக் கடைக்காரர் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்படாமல் என்னோடு சண்டை பிடித்தவர். நல்லாயிருப்பார். மாதங்கள் ஓடின. அப்பிள்காரர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். ஒருத்தி, நீங்க இன்னும் தைக்கிறீங்களா என்று கேட்டாள். இன்னும் என்ற சொல்லை அவள் இழுத்த இழுப்புக்கு ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

அடுத்த கமராவில் நன்றாகக் குறைந்திருந்தது. அதற்கடுத்ததில் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. சதைத்துண்டுகளின் முடிவு வந்ததும் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, ஒன்றிலும் இல்லை என்றார். திரும்ப வராது என்று சொல்லமாட்டேன், வருடாவருடம் வந்து காட்டவேண்டும், வந்தாலும் செய்வதற்கு வழி இருக்கிறது என்றார். முதல் நாளும் இதைத்தான் சொன்னார். ஒரு சொல் மாற்றவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை, நீங்க சொன்னபடியே நடந்துபோச்சு என்றேன்.

தனியாகத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் பாலம் தாண்டும்போது சிரிப்பாக வந்தது. மகள் குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு வயிற்றில் நாலு மாதம். சொன்னேன். மீன் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். சிரித்தாள், என்னைப் போட்டு உலுக்கினாள். பிறகு கையை விட்டுவிட்டுத் திரும்பவும் மீனைக் கழுவத் தொடங்கினாள். கழுவின மீனையே கழுவினாள். என்னடி என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன். முகமெல்லாம் கண்ணீர்.

"படிப்பு முடிய எனக்கு ஒரு வருஷம்தானம்மா இருந்திச்சு," என்றாள்.

குசினி வாங்குப் பலகையில் குந்தினேன். இவ்வளவு நாளும் என் வருத்தம், என் வீடு, என்னைப் பார்த்த பார்வை என்று நான் எரிந்துகொண்டிருந்தேன். இவள் ஒரு நாள் முகம் கோணியதில்லை. யாரை ஏசுவது? டொக்டர் உண்மையைச் சொன்னார். வருத்தம் அது போகிற வேகத்தில் போனது. லீவு முடியப்போகிறது, அடுத்த மாதம் படிப்புத் தவணை தொடங்குமுன் திரும்பிப் போகாவிட்டால் இனி எடுப்பார்களோ தெரியாது என்று கேட்டுக் கேட்டுத்தான் அவளிடமிருந்து எடுத்தேன். போவோம், நான் பேசுகிறேன் என்றேன்.

என் வருத்தம் மாறினால் பொங்கல் வைப்பதாக அக்கா சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் போனோம். பொங்கி, பூசை முடிந்து, அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தோம். அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை, எனக்கு அள்ளி அள்ளி வைத்தாள். நான் சோற்றில் கைவைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். மகள் அடுத்த மாதம் கம்பசுக்குப் போகட்டும், நானும் கூடப் போய் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிச் சமைத்துக் கொடுக்கிறேன், பிள்ளை பிறந்தால் நான் வைத்துப் பார்க்கிறேன், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். மருமகன் என் மனுசனைப் பார்த்தார். என் மனுசன் அக்காவைப் பார்த்தார்.

"அதுக்கு இப்ப என்ன புள்ள அவசரம்?" என்றாள் அக்கா. "பிள்ள பிறக்கட்டும், ரெண்டு மூணு வருஷம் போகட்டும். படிப்பு எங்கயும் ஓடிப்போகாது. ஆறுதலாப் பாப்பம்."

ஓம், ஆறுதலாகப் பார்க்கலாம் என்றார் மருமகன். ஓம் ஓம் என்றார் என் மனுசன். எனக்காக ஒரு வருடம் பொறுக்க மாட்டோம் என்று தலைகீழாக நின்ற அத்தனை பேரும் வாய் நிறையப் பொங்கலோடு இருந்து அவளைப் பொறுக்கச் சொன்னார்கள். மகளைப் பார்த்தேன், நீயாவது வாயைத் திற என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. எழும்பி, சாப்பிட்டு முடிந்தவர்களின் சோற்றுக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.